முடிவு தெரிந்த பிறகும் படிக்க முடிகிறதா?

சேலம் அரிசிபாளையத்தில் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கிறேன். க்ரைம் நாவல்தான் அதிகம் போகும். அறிவியல் புனைகதைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். "இது நல்லாருக்குமாக்கா?" என்று அட்டையைக் காட்டிக் கேட்பவர்களுக்காக, நான் பார்க்கிற விதத்தை எழுதுகிறேன்.

முதலில் மூலை மடிப்பைப் பாருங்கள். நல்ல த்ரில்லரில் மடிப்பு கண்டபடி இருக்கும். பஸ் வந்துவிட்டது, குழந்தை எழுந்துவிட்டது என்று ஆளாளுக்கு ஒரு இடத்தில் மூடி வைத்திருப்பார்கள். சொதப்பலான கதையில் நாலைந்து பேர் ஒரே பக்கத்தை மடித்திருப்பார்கள். அந்தப் பக்கத்தைப் படியுங்கள். முக்கால்வாசி நேரம், நமக்கு ஏற்கெனவே தெரிந்ததை இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து ஏட்டுக்கு விளக்கிக்கொண்டிருப்பார்.

அடுத்தது பென்சில் எழுத்து. எவனோ ஒரு புண்ணியவான் முதல் பக்கத்திலேயே 'மாமாதான் கொலைகாரன்' என்று எழுதி வைத்திருப்பான். ரப்பர் போட்டு அழித்தாலும் தடம் தெரியும். சில புத்தகங்கள் அதோடு படுத்துவிடும், சில அதற்குப் பிறகும் ஓடும். ஏன் ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டு ஆரம்பத்துக்கு வாருங்கள். மாமா வருகிற ஒவ்வொரு காட்சியும் இப்போது வேறு மாதிரி தெரிகிறதா? எலுமிச்சம்பழம் இல்லாமல் ஏற்காடு பஸ்ஸில் ஏறவே மாட்டார் என்று மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் வந்திருக்கும். கொலை நடந்த இரவு பற்றிக் கேட்டால் "வழி முழுக்க பஸ்ல நல்ல தூக்கம்" என்பார். முதல் தடவை அது கண்ணில் படாது. இப்போது, ஆள் பஸ்ஸில் வரவேயில்லை என்று பளிச்சென்று தெரியும். இப்படி ஒன்றிரண்டு இருந்தால் கதை பிழைத்தது. கடைசி அத்தியாயத்தில் திடீரென்று மாமாவுக்கு ஒரு இரட்டைச் சகோதரர் முளைத்தால் புத்தகத்தை மூடிவிடலாம்.

குற்றம் அந்த இடத்துக்கே உரியதா என்றும் பார்ப்பேன். 2016 ஆகஸ்டில் சேலத்திலிருந்து சென்னைக்குப் போன எக்ஸ்பிரஸ் ரயிலில், பெட்டியின் கூரையை வெட்டி ரிசர்வ் வங்கிக்குப் போன பணத்தில் 5.78 கோடியை எடுத்தார்கள். ஓடுகிற ரயிலின் கூரையில் எப்படி உட்கார முடிந்தது? சேலம் – விருத்தாசலம் பாதை அப்போது மின்மயமாகவில்லை, டீசல் எஞ்சின்தான். மின்பாதையாக இருந்தால் தலைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி. இந்த ஒரு விவரம் இல்லாவிட்டால் திட்டமே இல்லை. நல்ல க்ரைம் கதையிலும் இப்படி ஒரு ஆணி இருக்கும், அதைப் பிடுங்கினால் கதை நிற்காது. அப்புறம் மூன்றே மாதத்தில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. கதையில் எழுதியிருந்தால் 'ரொம்ப வசதியா இருக்கே' என்போம். என் கணக்கு வேறு. தற்செயல் திருடனைச் சிக்கலில் மாட்டிவிட்டால் ஒத்துக்கொள்வேன், துப்பறிகிறவனுக்குக் கை கொடுத்தால் மாட்டேன்.

அறிவியல் கதைக்கு வருவோம். ஏற்காடு பஸ் ஓட்டுகிற ஒருவர் என் வாடிக்கையாளர். காலத்தில் பின்னோக்கிப் போகும் இயந்திரம் பற்றிய நாவலைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் கடுப்பாக இருந்தார். இயந்திரத்தை அவர் நம்பிவிட்டார். கதாநாயகன் காரில் பத்தே நிமிடத்தில் மலையிறங்கினதைத்தான் நம்பவில்லை. "கொண்டை ஊசி இருபதும் இவனுக்கு மட்டும் நேராயிடுச்சாக்கா?" என்றார். ஒரு பெரிய பொய்யை வாசகர் தாராளமாக விட்டுக்கொடுப்பார், அதைச் சுற்றி இருக்கிறதெல்லாம் நிஜமாக இருக்க வேண்டும். க்ரைமிலும் அப்படித்தான். கைக்குட்டையை மூக்கில் வைத்த நொடியில் கதாநாயகி சரிவாள். குளோரோபார்ம் வேலை செய்யச் சில நிமிடங்கள் பிடிக்கும். அவ்வளவு நேரம் அவள் கடிக்க மாட்டாளா?

விதியைத் தடையாக நினைக்காமல் கதையாக மாற்றுகிறவர் கெட்டிக்காரர். செவ்வாயிலிருந்து சிக்னல் பூமிக்கு வர, கிரகங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். சுமாரான எழுத்தாளர் இதை மறந்துவிட்டு அங்கிருந்து போனில் கொஞ்ச விடுவார். நல்லவர், "உன் பின்னால நிக்கிறது யாரு?" என்று மனைவியைக் கேட்க வைத்துவிட்டு, பதில் வரும்வரை நம்மையும் அவள் பக்கத்தில் உட்கார வைப்பார்.

கடைசியாக, வில்லன் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு எத்தனை பக்கம் பேசுகிறான் என்று எண்ணுங்கள். ஒரு பக்கம் வரை சரி. நாலு பக்கம் போனால், முன்னால் சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் ஆசிரியர் அவன் வாயில் திணிக்கிறார் என்று அர்த்தம். அந்தப் புத்தகத்துக்கும் வாடகை வாங்குவேன், கடை நடக்கணுமே. சிபாரிசு மட்டும் செய்ய மாட்டேன்.