மாணவர் பத்திரிகை: புதிதாகத் தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகள் படிக்கும் பாலக்காட்டு வளாகங்களிலிருந்து அவ்வப்போது யாராவது தமிழில் ஒரு மாணவர் பத்திரிகை தொடங்கி, முதல் இதழைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். எங்கள் காலத்து இதழ்களில் இருந்த அதே கோளாறுகள் திரும்ப வருகின்றன. எழுத்துப்பிழையும் மங்கலான படமும் நாலு இதழில் தானாகச் சரியாகிவிடும். அப்படிச் சரியாகாதவை இவை.

சுற்றறிக்கையை அப்படியே அச்சடிப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான். ஒரு வளாகத்தில் ஹாஸ்டல் மெஸ் முன்பணம் உயர்ந்ததாகச் சுற்றறிக்கை வந்தது. பத்திரிகை அதை வரி மாறாமல் முதல் பக்கத்தில் போட்டது. மூன்றாவது பத்தியில் ஒரு வரி ஒளிந்திருந்தது: தொடர்ந்து ஐந்து நாள் இல்லாவிட்டால்தான் இனி மெஸ் கட், அதாவது சாப்பிடாத நாளுக்குப் பில்லில் கழிவு. அதுவரை இரண்டு நாளே போதும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி ஊருக்குப் போகிற பிள்ளைகள் சனி, ஞாயிறு சாப்பிடாத சாப்பாட்டுக்கும் காசு கட்ட வேண்டும் என்பதுதான் அதன் பொருள். செய்தியே அந்த வரிதான். மாதக் கடைசியில் பில் கைக்கு வந்தபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது. "நோட்டீஸ் போர்டில் இருக்கிறதை எதுக்கு வாங்கிப் படிக்கணும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அடுத்த இதழ் கட்டுப் பிரிக்காமல் வராந்தாவில் கிடந்தது.

சுற்றறிக்கை கைக்கு வந்தால் நேற்றுவரை என்ன விதி இருந்தது, யாருக்கு எவ்வளவு கூடும், யார் முடிவெடுத்தார்கள் என்று கேளுங்கள். மெஸ் செகரட்டரியிடம் பழைய பில்லை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் வார்டனிடம் போங்கள். அரசுக் கல்லூரி ஆபீஸ் கணக்கைக் காட்டவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. கேரளத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு கொடுத்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மனுவைப் பத்திரிகையின் பெயரில் போடாதீர்கள், ஒரு மாணவர் தன் பெயரில் போடட்டும். சட்டம் இந்த உரிமையைக் குடிமக்களுக்குத்தான் கொடுத்திருக்கிறது.

பல்கலைக்கழக அறிவிப்புக்கும் இதே கதைதான். பாலக்காட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்குத் தேர்வுத் தேதியும் மறுமதிப்பீடும் தேஞ்ஞிப்பலத்தில் இருக்கும் கோழிக்கோடு பல்கலைக்கழகத்திலிருந்து வருகின்றன, ஆங்கிலத்திலும் மலையாளத்திலும். 2024இல் நான்காண்டு இளங்கலைப் படிப்பு தொடங்கியபோது பல வீடுகளில் ஒரே குழப்பம். மூன்றாம் ஆண்டோடு பட்டம் வாங்கி வெளியேறலாம், நான்காவதையும் முடித்தால் ஆனர்ஸ். இதை இரண்டு வரித் தமிழில் போடுங்கள், உங்கள் பத்திரிகை அம்மா அப்பா கைவரைக்கும் போகும்.

மாகசினோடு சேர்த்துக் குழப்புவது

கேரளக் கல்லூரிகளில் மாகசின் எடிட்டர் மாணவர் யூனியன் தேர்தலில் ஜெயித்து வருகிறவர். அவர் ஆண்டுக்கு ஒருமுறை கதை, கவிதை, கட்டுரை சேர்த்து மாகசின் கொண்டுவரட்டும், அது நல்ல வேலை. ஆனால் பத்திரிகையையும் அவர் பொறுப்பில் விட்டுவிட்டால் யூனியன் நிதியைப் பற்றி யார் எழுதுவது?

தேர்தல் செய்தி எழுதுகிறவரே ஒரு பேனலில் (வேட்பாளர் அணியில்) நிற்பது

கூடவே கூடாது. மாணவர் தேர்தலுக்கு விதிகள் பரிந்துரைத்த லிங்டோ குழு 2006இல் வேட்பாளருக்கு 5,000 ரூபாய் செலவு வரம்பு வைத்தது. அந்தக் கணக்கைக் கேட்க வேண்டியவர் நீங்கள்.

இனிஷியல்

நாம் பெயருக்கு முன்னால் போடுகிறோம், மலையாளிகள் பலர் பின்னால். அவரவரிடமே கேட்டு எழுதுங்கள்.

அச்சுக்குமுன் பக்கத்தைக் காட்டுவது

பிரின்சிபாலிடம் முழுப் பக்கத்தையும் நீட்டாதீர்கள். அவர் சொன்ன வரிகளை மட்டும் படித்துக் காட்டுங்கள், எண் தப்பாக இருந்தால் திருத்துங்கள். பதில் தர மறுத்தால், எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்பதைச் செய்தியிலேயே போடுங்கள்.