சிறப்புப் பள்ளிக்குப் பிரின்சிபால் தேடும்போது நாம் சறுக்கும் இடங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஒரு பிரின்சிபாலை எடைபோட நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி: மெட்ரிக்கில், அதாவது பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில், எத்தனை சதவீதம் பாஸ்? தாத்தாக்கள் கைக்காசு போட்டுப் பள்ளிக்கூடம் கட்டிய சமூகம் நாம், அந்தக் கேள்வி ஊறிப்போனது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளியின் கவர்னிங் பாடியில், அதாவது நிர்வாகக் குழுவில், உட்கார்ந்துகொண்டும் அதையே கேட்டால் தவறான ஆளைத்தான் எடுப்போம். நாங்கள் எடுத்தோம்.

பெரிய உயர்நிலைப் பள்ளியிலிருந்து வந்தவர். சதவீதம் பளபளத்தது, பேச்சு அருவி மாதிரி கொட்டியது. வந்த முதல் வாரமே, ஒழுங்கு வரட்டும் என்று ஒரு சைரன் மாட்டினார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் புகுந்தார்கள். அப்புறம் எல்லா வகுப்புக்கும் இடைவேளையை ஒரே நேரமாக்கினார். சக்கர நாற்காலிப் பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக இருந்த உதவியாளர்கள் நான்கே பேர். மீதியை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கெட்டவர் இல்லை. கழிப்பறையைப் பற்றி நாங்கள்தான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அதனால் இன்டர்வியூவில் ‘உங்கள் தொலைநோக்கு என்ன’ என்பதை விட்டுவிடுங்கள். அதற்கு எல்லோரிடமும் மனப்பாடமாக ஒரு பதில் இருக்கிறது. இப்படிக் கேளுங்கள்: காலை ஏழரை மணி, பஸ் வந்துவிட்டது, உள்ளே ஒரு பிள்ளைக்கு வலிப்பு, நர்ஸ் இன்னும் வரவில்லை, வாசலில் ஒரு அம்மா கோபமாகக் கத்திக்கொண்டிருக்கிறார், முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்வீர்கள்? தெரபிஸ்ட் தன் நேரத்தை வகுப்பு நேரத்துக்குள் கேட்கிறார், ஆசிரியர் விட மறுக்கிறார், எப்படித் தீர்ப்பீர்கள்? வேலை தெரிந்தவர் உடனே எதிர்க்கேள்வி கேட்பார்: பஸ்ஸில் உதவியாளர் இருக்கிறாரா, மருந்து யார் கையில்? அந்த எதிர்க்கேள்விக்குத் தாராளமாக மார்க் போடலாம். ஆனால் ஒன்று மட்டும்: எல்லோரிடமும் அதே கேள்விகள், அதே மார்க் தாள். இல்லாவிட்டால் தோற்றவர் புகார் கொடுப்பார், மாதக்கணக்கில் எல்லாம் நின்றுபோகும்.

பள்ளியைச் சுற்றிக் காட்டுவதும் அப்படியே, ஒருவருக்குக் காட்டினால் எல்லோருக்கும் காட்ட வேண்டும். நடக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையிடம் குனிந்து பேசுகிறாரா, தள்ளிக்கொண்டு வருபவரிடம் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறாரா?

விளம்பரத்தில் வேறொரு சறுக்கல். பக்கத்துப் பள்ளியின் பழைய விளம்பரத்தைப் பெயர் மாற்றி அனுப்புவது. டர்பனின் வி.என். நாயக் காதுகேளாதோர் பள்ளிக்கு வேண்டிய ஆளும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் ஆர்தர் பிளாக்சால் பார்வையற்றோர் பள்ளிக்கு வேண்டிய ஆளும் ஒன்றா? காதுகேளாதோர் பள்ளிக்கு வருகிறவர் ‘சைகைமொழியைப் போகப்போகக் கற்றுக்கொள்கிறேன்’ என்றால் எனக்கு அது போதாது. 2023 ஜூலையிலிருந்து தென்னாப்பிரிக்கச் சைகைமொழி நாட்டின் 12-வது ஆட்சிமொழி. விடுதி உண்டா, எந்த வகைப் பிள்ளைகள், எத்தனை தெரபிஸ்ட் என்பதையெல்லாம் விளம்பரத்திலேயே எழுதுங்கள். அரசின் கல்விக் கொள்கை ஆவணமான 2001-இன் வெள்ளை அறிக்கை 6 சிறப்புப் பள்ளிகளை அக்கம்பக்கப் பள்ளிகளுக்கும் உதவும் வள மையங்களாக்கச் சொன்னது. வருகிறவர் வெளியே போய்ப் பிற ஆசிரியர்களுக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே தெரிவிப்பதுதான் நியாயம்.

சரி, தேர்வுக் குழுவில் யார்? தென்னாப்பிரிக்காவின் 1996 பள்ளிச் சட்டத்தின் 24-வது பிரிவு சிறப்புப் பள்ளிகளின் கவர்னிங் பாடியில் மாற்றுத்திறனாளிகளுக்கும் துறை வல்லுநர்களுக்கும் இடம் தருகிறது. காகிதத்தில் அவர்கள் பெயர் இருக்கும். ஷார்ட்லிஸ்ட் போடும் சனிக்கிழமையில் மட்டும் அவர்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். சக்கர நாற்காலியிலேயே வாழ்கிற ஒருவர் கேட்கும் கேள்வி நம் யாருக்கும் தோன்றாது.

உறவு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. இங்கே யாரைத் தொட்டாலும் கோயில் கமிட்டி வழியாகவோ சம்பந்தி வழியாகவோ உறவாகத்தான் இருப்பார்கள். ‘நம்ம பையன், தங்கமானவன், அண்ணா’ என்று போன் வரும். அதே சட்டத்தின் 26-வது பிரிவு தெளிவாக இருக்கிறது: சொந்த நலன் சம்பந்தப்பட்டவர் அந்தப் பேச்சும் முடிவும் முடியும்வரை கூட்டத்திலிருந்து வெளியேற வேண்டும். அறையில் வாய்மூடி உட்கார்ந்திருந்தால் போதாது.

காலக்கணக்கும் முக்கியம். அரசுப் பள்ளியில் நாம் பரிந்துரைக்கத்தான் செய்கிறோம், நியமிப்பவர் மாகாணக் கல்வித்துறைத் தலைவர். அவர் கேட்ட நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் பரிந்துரை போகாவிட்டால் அது இல்லாமலே அவர் நியமிக்கலாம். புரட்டாசி விரதம் முடியட்டும் என்று ஆற அமர ஆரம்பித்தால் பரீட்சை வரும், பின்னாலேயே டிசம்பர் விடுமுறை, பாதிக் குழு கடற்கரையில். இத்தனைக்கும் ஆசிரியரின் ஓய்வு வயது 65 என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், பழையவர் எப்போது போவார் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்கலாம்.

பின்னணிச் சோதனையைப் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளுவதுதான் என்னால் மன்னிக்க முடியாத தவறு. ஆசிரியர் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா, பிள்ளைகளோடு வேலை பார்க்கத் தகாதவர்களைப் பட்டியலிடும் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் ‘பி’ பகுதியிலோ பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேட்டிலோ பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதில் வர நாளாகும், ஷார்ட்லிஸ்ட் போட்ட அன்றே எழுதிக் கேளுங்கள். நம் பிள்ளைகளில் பலருக்குத் தமக்கு நடந்ததை வாய்விட்டுச் சொல்ல முடியாது. விண்ணப்பதாரர் எழுதிக்கொடுத்த மூன்று நம்பர்களோடு நிறுத்தாமல், அவரிடம் சொல்லிவிட்டு, கடைசியாக வேலை பார்த்த பள்ளிக்கும் போன் போடுங்கள்.

ஆள் வந்த பிறகு பழையவரும் புதியவரும் சேர்ந்து உட்கார ஒரு வாரமாவது கேட்டு வாங்குங்கள். எங்கள் பழைய பிரின்சிபால் போகும்போது ஒரு நோட்டு எழுதி வைத்திருந்தார்: எந்தப் பிள்ளை மழை நாளில் உள்ளே வர மறுக்கும், யார் எந்த டிரைவர் சொன்னால் மட்டும் இறங்குவார், எந்தச் சத்தம் யாருக்கு ஆகாது. சைரன் மாட்டியவர் கைக்கு அது போகவே இல்லை. ஆபீஸ் அலமாரியில் கிடந்தது.