லேப்ல ஈதர் பாட்டிலைத் தொடுறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது

ஆர்கானிக் லேப்புக்கு புதுசா வர்ற பசங்க பயப்படுறதெல்லாம் கான்சன்ட்ரேட்டட் ஆசிட், புரோமின், சோடியம் இந்த மாதிரி பார்த்தாலே மிரட்டுற ஐட்டங்களுக்குத்தான். டைஎத்தில் ஈதரை (பொருட்களைக் கரைச்சுப் பிரிக்க லேப்ல பயன்படுத்துற திரவம்) யாரும் பெருசா எடுத்துக்கிறதில்ல, தெளிவா இருக்கு, லேசா இனிப்பு வாசனை வருது, கையில பட்டா சில்லுனு பறந்து போயிடுது, அவ்வளவுதானேன்னு விட்டுடுறாங்க. ஆனா ஒரு டீச்சிங் லேப்ல எதைப் பார்த்து முதல்ல பயப்படணும்னு என்னைக் கேட்டா நான் ஈதரைத்தான் சொல்வேன், அதுலயும் புது பாட்டிலை விட பீரோ மூலையில கிடக்கிற பழைய பாட்டிலை. அதுக்கு அப்புறம் வர்றேன்.

பெட்ரோலியம் ஈதர்னு பக்கத்துலயே நிக்குமே, அது வேற சரக்கு. வெறும் ஹைட்ரோகார்பன் கலவை, அதுவும் குப்புனு பத்திக்கும், ஆனா கீழ சொல்லப்போற பெராக்சைடு தொல்லை (பழசாக ஆக வெடிக்கிற பொருள் சேர்றது) ஈதர் அளவுக்கு அதுல இல்ல. பேனாவுல வெறும் "ஈதர்"னு எழுதி ஒட்டின பாட்டில் கையில கிடைச்சா எது என்னன்னு கேட்டுட்டு தொடுங்க.

ஈதரோட கொதிநிலை 34.6 டிகிரி. ஐரோப்பாவுல இருக்கிறவனுக்கு இது ரூம் டெம்பரேச்சரை விட நல்லா மேல, நமக்கு அப்படி இல்ல. மே மாசம் வேலூர்லயோ திருச்சியிலயோ ஏசி இல்லாத லேப்ல மதியம் 2 மணிக்கு ரூமே 36, 37 போயிடும், அப்போ பாட்டிலுக்குள்ள ஈதர் கொதிக்கிற நிலையிலதான் உக்காந்திருக்கு, மூடிதான் அதை அடக்கி வச்சிருக்கு. அந்த நேரத்துல போய் மூடியை சட்டுனு திருகினா மூஞ்சிலயே பீச்சி அடிக்கும். அதனால திறக்கிறதுக்கு முன்னாடி பாட்டிலை ஒரு கால் மணி நேரம் ஐஸ் தண்ணியில நிக்க வைங்க, ஃப்யூம் ஹுட்டுக்குள்ள (ஆவியை உறிஞ்சி வெளிய தள்ளுற கண்ணாடிக் கதவு வச்ச கூண்டு) கொண்டு போங்க, மூடியை கொஞ்சமா லூஸ் பண்ணுங்க, ஸ்ஸ்னு சத்தம் வந்தா கையை அப்படியே நிறுத்தி அது அடங்கினதும் மேல திருகுங்க. வேற பாட்டில்ல ஊத்தி வைக்கும்போது கழுத்து வரைக்கும் நிரப்பாதீங்க, விரிய இடம் வேணும். வெயில் காலத்துல ஈதர் வேலையை காலையில 8, 9 மணிக்கே முடிச்சிடுறது புத்திசாலித்தனம்.

இன்னொரு விஷயம் செய்முறை புத்தகத்துல இருக்காது. ரிஃப்ளக்ஸ் (கொதிக்க வச்சு ஆவியைக் குளிர வச்சு திருப்பி உள்ளயே விடுறது), டிஸ்டிலேஷன் (ஆவியாக்கி வடிக்கிறது) பண்ணும்போது ஆவியைக் குளிர வைக்கிற கண்டென்சர் குழாய்க்கு டேப் தண்ணி விடுங்கன்னு போட்டிருப்பாங்க, நம்ம ஊர்ல அந்த தண்ணி மொட்டை மாடி டேங்க்ல வெந்துட்டு வருது, கை வச்சா சுடும். அந்த தண்ணியில ஈதர் எப்படிங்க குளிரும், ஆவி அப்படியே கண்டென்சரைத் தாண்டி வெளிய வந்துடும். ஒரு பக்கெட்ல ஐஸ் போட்டு, ஏர் கூலர்ல வைக்கிற சின்ன சப்மர்சிபிள் பம்ப் ஒண்ணு வாங்கி அதுல போட்டு சுத்த விடுங்க, ப்ளக்கை மட்டும் ஹுட்டுக்கு வெளிய தள்ளி சொருகுங்க. ஐஸ் கரைஞ்சுட்டே இருக்கும், அதனால ஓட விட்டுட்டு கேன்டீன் போற வேலையெல்லாம் வேணாம்.

இப்ப நெருப்பு. ஈதரோட ஃப்ளாஷ் பாயிண்ட் (நெருப்பு காட்டினா ஆவி பத்திக்கிற குறைஞ்சபட்ச வெப்பநிலை) மைனஸ் 45 டிகிரி, அதாவது ஃப்ரீசர்ல இருந்து எடுத்த ஈதர் கூட பத்திக்கிற அளவுக்கு ஆவி விட்டுட்டேதான் இருக்கும். காத்துல 2 சதவீதம் கலந்தாலே போதும், 36 சதவீதம் வரைக்கும் பத்தும். அந்த ஆவி காத்தை விட ரெண்டரை மடங்கு கனம், மேல போகாது, டேபிள் மேலயே ஊர்ந்து போய் விளிம்புல வழிஞ்சு தரையில பரவும். நீங்க இந்தக் கோடியில பீக்கர்ல ஈதர் ஊத்துறீங்க, அந்தக் கோடியில ஜூனியர் ஒருத்தர் பன்சன் பர்னர்ல ஃப்யூஷன் டியூப் காய்ச்சிட்டு இருக்காரு, ஆவி அங்க போய் பத்தி அதே வழியில நெருப்பு உங்க பீக்கருக்கே திரும்பி வரும். ஈதர் எடுக்கிற அன்னைக்கு அந்த ரூம்ல ஒரு பர்னர் கூட எரியக் கூடாது, இதுல விட்டுக்கொடுக்கவே கூடாது, சண்டை போட்டாலும் பரவாயில்ல.

நெருப்பே இல்லாமலும் பத்தும், அதான் பலருக்குத் தெரியாது. 160, 180 டிகிரி சூடு இருக்கிற எந்த பரப்பும் போதும், ஹாட் பிளேட் அதைத் தாண்டி எங்கயோ போகும், ஆஃப் பண்ணி ரொம்ப நேரம் கழிச்சும் சூடா இருக்கும். அதனால ஈதருக்கு ஹாட் பிளேட்டும் கிடையாது ஹீட்டிங் மேன்டிலும் கிடையாது. வேற ரூம்ல சூடு பண்ணின வெந்நீரை ஒரு பேசின்ல கொண்டு வந்து அதுல ஃப்ளாஸ்கை வச்சாலே போதும், 45 டிகிரி தண்ணியே தாராளம். சாதாரண வீட்டு ஃபிரிட்ஜுக்குள்ள வைக்கவே வைக்காதீங்க, உள்ள தெர்மோஸ்டாட், லைட் சுவிட்ச் எல்லாம் ஸ்பார்க் அடிக்கும், மூடின பெட்டிக்குள்ள ஆவி சேர்ந்திருந்தா கதவே பறந்துடும். ஸ்பார்க் வராத கெமிக்கல் ஃபிரிட்ஜ் இருந்தா சரி.

செப்பரேட்டிங் ஃபனல்ல (கலக்காத ரெண்டு திரவத்தைப் பிரிக்கிற, அடியில திருகு வச்ச கண்ணாடிக் குடுவை) எக்ஸ்ட்ராக்ஷன், அதாவது ஈதரால பொருளைப் பிரிச்செடுக்கிறது, பண்றப்ப நிறைய பேர் ஆர்வத்துல குலுக்கு குலுக்குனு குலுக்கிடுவாங்க. உள்ளங்கை சூடே ஈதரை ஆவியாக்கப் போதும், அதுல சோடியம் பைகார்பனேட் வாஷ் வேற பண்ணினா கார்பன் டைஆக்சைடும் சேர்ந்துக்கும், ஸ்டாப்பர் துள்ளி விழும். முதல்ல மூடாம லேசா சுத்தி விடுங்க, நுரை அடங்கட்டும். அப்புறம் ஸ்டாப்பரை உள்ளங்கையில அழுத்திப் பிடிச்சு தலைகீழா சாய்ச்சு, தண்டு ஹுட்டோட உள்பக்கம் பாக்கிற மாதிரி வச்சு ஸ்டாப்காக்கைத் திறந்து காத்தை விடுங்க. ரெண்டு குலுக்கு, ஒரு தடவை திற, மறுபடி ரெண்டு குலுக்கு. அந்த உஸ்ஸுங்கிற சத்தம் நின்ன பிறகுதான் நல்லா குலுக்கலாம்.

சரி, பழைய பாட்டில் கதைக்கு வருவோம். ஈதர் காத்துல இருக்கிற ஆக்சிஜனோட மெதுவா சேர்ந்து பெராக்சைடு ஆகும், வெளிச்சம் பட்டா இன்னும் வேகமா. அதனாலதான் பழுப்பு கலர் பாட்டில்ல வருது, கம்பெனிக்காரங்க கொஞ்சம் ஸ்டெபிலைசரும் கலந்து அனுப்புவாங்க. நாம அதை டிஸ்டில் பண்ணி சோடியம் ஒயர் போட்டு உலர்த்தி வச்சுக்கிறோம் பாருங்க, அப்போ ஸ்டெபிலைசர் கீழ தங்கிடும், வடிச்சு வந்த ஈதருக்கு காவல் எதுவும் கிடையாது, அதுதான் சீக்கிரம் கெட்டுப்போகும். குளிர்ல வச்சா ஆகாதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, தப்பு. இந்த பெராக்சைடு ஈதர் மாதிரி ஆவியாகாது, ஈதர் போகப் போக அடியில கெட்டியாகி சேர்ந்துட்டே இருக்கும், கடைசி சொட்டு வரைக்கும் வடிச்சீங்கன்னா ஃப்ளாஸ்க் வெடிக்கும். டெஸ்ட் பண்ணி சரியா இருந்தாலும் ஃப்ளாஸ்க் அடியில அஞ்சுல ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே நிறுத்திடுங்க.

டெஸ்ட் ஒண்ணும் கஷ்டம் இல்ல. பெராக்சைடு ஸ்ட்ரிப் இருந்தா ஒரு செகண்ட் முக்கி எடுத்து, ஈதர் பறந்ததும் ஸ்ட்ரிப் மேல வாயால ஊதுங்க, ஈரம் பட்டாதான் கலர் வரும், இதை விட்டுட்டு "வெள்ளையாதான் இருக்கு சார்"னு வந்து நிக்கிறவங்க எல்லா பேட்ச்லயும் உண்டு. நீலம் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு பெராக்சைடு, டப்பா மேல இருக்கிற கலர் ஸ்கேலோட ஒப்பிட்டுப் பாருங்க. ஸ்ட்ரிப் வாங்க பட்ஜெட் இல்லையா, 1 மில்லி கிளேசியல் அசிட்டிக் ஆசிட்ல 100 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடை அப்பவே புதுசா கலந்து 1 மில்லி ஈதரை அதுல விடுங்க, லேசா மஞ்சள்னா கொஞ்சம் இருக்கு, பழுப்புன்னா நிறைய. கையாள்றதுக்கு 25 பிபிஎம் (பத்து லட்சத்துல 25 பங்கு) வரைக்கும் பரவாயில்லைன்னு வச்சுக்கலாம், அதுக்கு மேல போனா டிஸ்டில் பண்றதையோ ரோட்டாவேப்ல (ஃப்ளாஸ்கைச் சுழல விட்டு ஆவியாக்குற கருவி) ஏத்துறதையோ மறந்துடுங்க. கொஞ்சமா இருந்தா ஆசிட் கலந்த ஃபெரஸ் சல்ஃபேட் கரைசலோட குலுக்கியோ ஆக்டிவேட்டட் அலுமினா நிரப்பின குழாய் வழியா விட்டோ எடுத்துடலாம், உங்க கைடு சார் பக்கத்துல இருக்கும்போது மட்டும். 100 தாண்டிடுச்சுன்னா அந்த பாட்டில் உங்க வேலை இல்ல.

இந்த டெஸ்ட் எல்லாம் வயசு தெரிஞ்ச பாட்டிலுக்குத்தான். எப்ப திறந்ததுன்னே தெரியாத, தூசி படிஞ்ச, மூடி துருப்பிடிச்ச ஒண்ணு பீரோவுல கிடைச்சா டெஸ்டுக்குக் கூட திறக்காதீங்க. மூடி ஓரத்துல உப்பு பூத்த மாதிரி வெள்ளையா படிகம் தெரிஞ்சாலோ, அடியில எண்ணெய் மாதிரி கெட்டியா ஏதாவது நின்னாலோ தொடவே கூடாது, தூக்கிப் பார்க்கிறது, ஆட்டிப் பார்க்கிறது எதுவும் வேணாம், மூடியைத் திருகுற உராய்வே போதும் வெடிக்க. கதவை அப்படியே விட்டு எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு ஹெச்ஓடிகிட்ட சொல்லுங்க, இதுக்கு ஃபயர் சர்வீஸோ வெடிபொருள் தெரிஞ்சவங்களோதான் வரணும். இந்த நிலைமையே வராம இருக்க ஒரு மார்க்கர் பேனா போதும்: வந்த தேதி, திறந்த தேதி ரெண்டையும் பாட்டில் மேலயே எழுதுங்க, திறந்ததை 3 மாசத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் பண்ணுங்க, 6 மாசத்துக்கு மேல வச்சுக்காதீங்க. மலிவா கிடைக்குதுன்னு மொத்தமா வாங்கி அடுக்குறது எல்லாம் வேண்டாத வேலை.

உடம்புக்குன்னு பார்த்தா, 1846ல பாஸ்டன்ல வில்லியம் மார்ட்டன் ஆபரேஷன்ல மயக்க மருந்தா செஞ்சு காட்டினது இதே ஈதரைத்தான், அதனால மூச்சுல நிறைய போனா தலை சுத்தும், தூக்கம் வரும், குமட்டும். அப்படி இருந்தா உடனே வெளிக்காத்துக்குப் போங்க, தனியா போகாதீங்க. மெல்லிசு நைட்ரைல் கிளவுஸ் ஈதரை ரொம்ப நேரம் தாங்காது, பட்டுச்சுன்னா கழட்டிட்டு வேற போடுங்க. சிந்தெடிக் துப்பட்டா வேணாம், காட்டன் கோட் போட்டு பட்டனும் போட்டுக்கோங்க, கண்ணாடியைச் சொல்லணுமா என்ன.

பெருசா கொட்டிடுச்சுன்னா ஃபேன் போடாதீங்க, லைட்டை ஆஃப் கூட பண்ணாதீங்க, சுவிட்ச்ல ஸ்பார்க் வரும். ஜன்னலைத் திறந்துட்டு எல்லாரும் வெளிய வந்து மெயினை வெளிய இருந்தே அணைங்க. பீக்கர் பத்திக்கிச்சுன்னா மேல ஒரு வாட்ச் கிளாஸை மூடினாலே அடங்கிடும், பெருசுன்னா கார்பன் டைஆக்சைடு அல்லது ட்ரை பவுடர் சிலிண்டர். தண்ணி ஊத்தினா ஈதர் மேல மிதந்து எரிஞ்சுட்டே டேபிள் பூரா பரவும்.

மிச்சத்தை சிங்க்ல கொட்டுறது நம்ம லேப்ல ரொம்ப சகஜம், அந்த ஆவி குழாய் வழியா அடுத்த டேபிள் சிங்க்ல வந்து நிக்கும். தனி வேஸ்ட் பாட்டில் ஒண்ணு ஹுட்டுல வச்சு அதுல மட்டும் ஊத்துங்க, நைட்ரிக் ஆசிட், புரோமின் வேஸ்ட் எதுவும் அதுல கலக்கக் கூடாது. சோடியம் ஒயர் போட்ட பழைய ஈதர்னா முதல்ல ஈதரை சாய்ச்சு ஊத்தி எடுத்துட்டு, சோடியத்தை தனியா ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல கொஞ்சம் கொஞ்சமா போட்டுக் கரைங்க, ஈர சிங்க் பக்கமே அதைக் கொண்டு போகாதீங்க. வேஸ்ட் பாட்டிலுக்கும் தேதி எழுதணும், பெராக்சைடு அதுக்குள்ளயும் ஆகும்.