எர்த் வேறு, நியூட்ரல் வேறு: சுவரில் டச் ஸ்கிரீன் மாட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லைட், ஃபேன், மோட்டார் எல்லாவற்றையும் சுவரில் மாட்டிய ஒரு சின்னத் திரையிலிருந்தே இயக்கிவிட வேண்டும் என்ற ஆசை இப்போது நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. வைஃபை உள்ள ஈஎஸ்பி32 சிப்போடு வரும் டச் டிஸ்ப்ளே போர்டுகள் மலிந்துவிட்டன. 2024 ஆகஸ்டில், இந்தச் சிப்புகளுக்குப் புரோகிராம் உருவாக்கித் தரும் ஈஎஸ்பிஹோமுக்குள் திரையில் பட்டன் வரையும் எல்விஜிஎல் வந்த பிறகு, சி++ மொழிப் பக்கமே போகாதவர்கூட யாமல் என்ற எளிய அமைப்புக் கோப்பில் நாலு வரி எழுதிப் பட்டனும் ஸ்லைடரும் கொண்டுவந்துவிடலாம். நல்ல விஷயம்தான். ஆனால் புதிதாக இறங்குகிறவர்கள் காட்டும் போட்டோக்களைப் பார்த்தால், நாங்களெல்லாம் ஆரம்பத்தில் பட்ட பாட்டையே திரும்பப் பட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

டேட்டா வயர் இல்லாத சார்ஜர் கேபிளில் புரோகிராம் ஏற்றப் பார்ப்பது, சாதாரண ஈஎஸ்பி32-ஐ 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சேர்க்க முயல்வது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஒரு சாயங்காலம் வீணாகும், அப்புறம் தானே புரிந்துவிடும்.

நியூட்ரல் இல்லாத பெட்டியில் எர்த்தைக் கொடுப்பது

திரையை எங்கே மாட்டலாம் என்று கேட்டால் எல்லோரும் ஹாலில் வாசலை ஒட்டியிருக்கும் சுவிட்ச் பெட்டியைத்தான் காட்டுவார்கள். பெரும்பாலும் அதில் பிளக் பாயிண்ட் இருக்காது, சுவிட்சுகள் மட்டும்தான். திறந்து பார்த்தால் கரண்ட் கொண்டுவரும் பேஸ் வயர் ஒன்று உள்ளே வரும், ஒவ்வொரு சுவிட்சிலிருந்தும் ஒரு வயர் லைட்டுக்குப் போகும். கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் நேராக லைட்டுக்கே போயிருக்கும். சுவிட்சுக்கு அது தேவையில்லை என்பதால் பெட்டிக்குள் யாரும் இழுத்திருக்க மாட்டார்கள்.

திரைக்கு 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் மாட்யூல் வேண்டும். அதற்குப் பேஸ், நியூட்ரல் இரண்டும் வேண்டும். பெட்டியில் இரும்புப் பாகத்துக்காக வந்த பச்சை எர்த் வயர் ஒன்று இருக்கும். “எர்த்தும் நியூட்ரலும் ஒண்ணுதான் சார், இதுலயே குடுத்துரலாம்” என்பார் கூட வந்த எலக்ட்ரீஷியன். கொடுத்ததும் திரை எரியும். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். எரியாமல் போயிருந்தால் யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரலையும் எர்த் செய்திருப்பதால் கரண்ட் மண் வழியாகவாவது திரும்பிவிடுகிறது. அதனால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரிகிறது.

ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச், உள்ள வீட்டில் என்ன நடக்கும்? பேஸில் போகிற கரண்ட் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. வீடுகளில் பொதுவாக 30 மில்லிஆம்பியர் வகை இருக்கும். அதில் பாதிவரை வித்தியாசம் வந்தால் அது விழக்கூடாது, முழுதும் வந்தால் விழுந்தாக வேண்டும், இடையில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். 3 வாட் மாட்யூல் என்றால் 13 மில்லிஆம்பியர்தானே என்று கணக்குப் போடாதீர்கள். இந்த மலிவு மாட்யூல்களின் பவர் ஃபேக்டர் மோசம், இழுப்பது அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அது முழுதும் எர்த்தில் போகிறது. ஆர்சிசிபி உடனே விழுந்தால் அதிர்ஷ்டம், தப்பு அன்றைக்கே தெரிந்துவிடும். விழாவிட்டால்தான் சிக்கல். உங்களைக் காப்பாற்ற வைத்த எல்லையில் பெரும்பகுதியைத் திரை ஒன்றே தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படித்தான் ஆயிற்று. கீசர் போட்டால் ஆர்சிசிபி விழும். பழைய கீசர் என்றால் கொஞ்சம் லீக்கேஜ் இருக்கத்தான் செய்யும், திரை இழுப்பதோடு சேர்ந்ததும் எல்லை தாண்டிவிட்டது. கீசர்மேல் பழி விழுந்தது, காயிலை மாற்றினார்கள். கொஞ்ச நாள் சரியாக இருந்தது. அப்புறம் வாஷிங் மெஷின் ஓடும்போது விழுந்தது. அதற்கும் ஆள் வந்து பார்த்தார். கடைசியில் “இந்த ஆர்சிசிபியே சரியில்ல” என்று முடிவுகட்டி, அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துவிட்டார்கள். என்னை அவர்கள் கூப்பிட்டது இதற்கெல்லாம் இல்லை, திரையில் ஐகான் நிறத்தை மாற்றித் தருவதற்கு! பிளேட்டைக் கழற்றியபோது மாட்யூலின் நியூட்ரல் முனையில் பச்சை வயர் இருந்தது. கீசருக்கும் மெஷினுக்கும் செலவழித்த காசு போனால் போகட்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஆர்சிசிபி இல்லாமல் எத்தனை நாள் ஓடியது என்று யாருக்கும் நினைவில்லை.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எர்த் வயர் மெயின் பக்கம் எங்காவது கழன்றாலோ, கோடையில் எர்த் குழி காய்ந்துபோனாலோ, திரை வழியாக வரும் கரண்டுக்குத் திரும்பிப் போக வழியில்லை. அந்தப் பச்சை வயரில்தான் ஃப்ரிட்ஜ், கீசர், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடம்பும் சேர்ந்திருக்கிறது. வெறுங்காலோடு ஃப்ரிட்ஜைத் தொடுகிறவர் வழியாக அது போகும்.

சரி, என்ன செய்யலாம்? நம் வீடுகளில் பெரும்பாலான சுவிட்ச் போர்டுகளில் ஒரு பிளக் பாயிண்ட் உண்டு. பிளக் இருந்தால் நியூட்ரல் இருக்கும். முடிந்தால் திரையை அங்கேயே மாட்டுங்கள். இல்லையென்றால் பைப்பில் ஸ்பிரிங் விட்டு, பக்கத்துப் போர்டிலிருந்து ஒரு கறுப்பு நியூட்ரல் வயரை இழுக்கச் சொல்லுங்கள். அரைநாள் வேலைதான். ஆனால் பேஸ் எந்த லைனோ நியூட்ரலும் அதே லைனாக இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் லைனில் பேஸ், சாதா லைனில் நியூட்ரல் என்று கலந்தாலும் ஆர்சிசிபி விழலாம், அதைக் கண்டுபிடிப்பது இன்னும் பெரிய தலைவலி.

மூன்றாவது வழி, மாட்யூலை வேறு இடத்தில் வைத்துவிட்டுக் குறைந்த வோல்ட்டேஜைத் திரைக்குக் கொண்டுவருவது. 5 வோல்ட்டாகவே கொண்டுவரப் பார்க்காதீர்கள். நெட்வொர்க் கேபிளின் ஒரு ஜோடியில் 10 மீட்டர் தள்ளி அரை ஆம்பியர் இழுத்தால் சுமார் 0.8 வோல்ட் வயரிலேயே போய்விடும். பேக்லைட் முழுதாக எரியும்போது வைஃபையும் சிக்னல் அனுப்பினால் போர்டு ரீஸ்டார்ட் ஆகும், லாகில் பிரவுன்அவுட், அதாவது வோல்ட்டேஜ் இறங்கிவிட்டது, என்று வரும். நம்மாட்கள் அதைப் பார்த்துவிட்டு இரண்டு வாரம் யாமலை மாற்றி எழுதிக்கொண்டிருப்பார்கள். 12 வோல்ட்டாகக் கொண்டுவந்து திரைக்குப் பின்னால் வோல்ட்டேஜைக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர் வைத்து 5 ஆக்குங்கள். இந்த வயரை 230 வோல்ட் போகும் பைப்பில் விடாதீர்கள்.

மெயினை அணைக்காமல், டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் பெட்டிக்குள் கை வைக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என நினைக்கிறேன். 230 வோல்ட் பக்கத்தை எலக்ட்ரீஷியனிடமே கொடுங்கள். “எர்த்துல குடுத்துரலாம்” என்றால் வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.

பழைய சுவிட்சைப் பிடுங்குவது

பிடுங்காதீர்கள். திரை செத்தாலும் லைட் எரிய வேண்டும்.

மோட்டார் பட்டனில் ரீடெய்ன்

திரை எம்க்யூடிடி (கருவிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் முறை) வழியாகப் பேசுகிறது என்றால் இதைக் கவனியுங்கள். “ஆன்” கட்டளையை ரீடெய்ன் போட்டு அனுப்பினால், செய்திகளைக் கைமாற்றும் புரோக்கர் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நடுராத்திரி கரண்ட் போய் வந்ததும் மோட்டார் கன்ட்ரோலர் புரோக்கரில் சேரும், பழைய “ஆன்” அதன் கைக்கு வரும், மோட்டார் ஓட ஆரம்பிக்கும். டேங்க் வழியலாம். சம்ப்பில் தண்ணீர் இல்லையென்றால் மோட்டாரே போய்விடும். நிலையைச் சொல்லும் செய்திக்கு ரீடெய்ன் இருக்கட்டும், கட்டளைக்கு வேண்டவே வேண்டாம்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: பட்டனைத் தொட்டதும் பச்சையாகிவிடுவது. மோட்டார் ஓடுகிறதா என்பது பட்டனுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்திலிருந்து நிலை திரும்பி வந்த பிறகுதான் நிறம் மாற வேண்டும்.

தமிழை அப்படியே எழுதிவிடுவது

அம்மா அப்பா பயன்படுத்தும் திரை என்றால் தமிழில்தான் வைக்கத் தோன்றும். தமிழ் ஃபான்ட்டைக் கொடுத்து “லைட்” என்று எழுதிப் பாருங்கள். ‘ல’ முதலில் வரும், அதற்கு முன்னால் வர வேண்டிய ஐகாரக் குறி பின்னால் போய் ஒட்டும். “மோட்டார்”, “கொல்லை” எல்லாம் இதே கதி. யூனிகோடில் மெய்யெழுத்து முன்னும் உயிர்க்குறி பின்னும்தான் பதிவாகிறது. காட்டும்போது இடம் மாற்றி அடுக்கும் வேலையைப் போனிலும் கம்ப்யூட்டரிலும் வேறொரு மென்பொருள் அடுக்கு செய்கிறது. எல்விஜிஎல்லில் தமிழுக்கு அது இல்லை. ஃபான்ட்டை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை.

ஒவ்வொரு லேபிளையும் கம்ப்யூட்டரில் படமாகச் செய்து, அந்தப் படத்தைப் பட்டன்மேல் வையுங்கள். எண்கள் மட்டும் எழுத்தாகவே இருக்கட்டும், டெம்பரேச்சர் மாறிக்கொண்டே இருக்குமே. டேப்லெட்டில் பிரவுசர் வழியாக, வீட்டுக் கருவிகளை இயக்கும் மென்பொருளான ஹோம் அசிஸ்டன்ட்டைக் காட்டுகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது.

பெரிய திரை, சின்ன மெமரி

480-க்கு 480 திரையில் புள்ளிக்கு 2 பைட் என்றால் ஒரு முழுப் படத்துக்கே 4,60,800 பைட். சாதாரண ஈஎஸ்பி32-இல் உள்ளே இருக்கும் ரேம் மொத்தமே 520 கிலோபைட், அதில் வைஃபைக்கும் இடம் வேண்டும். கூடுதல் மெமரியான பிஎஸ்ரேம் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். விலை குறைந்த 2.8 அங்குல மஞ்சள் போர்டில் அது இல்லை. அதன் 320-க்கு 240 திரைக்கு உள்ளே இருக்கும் ரேமே போதும், ஆனால் அந்தப் போர்டின் டச் அழுத்தினால்தான் வேலை செய்யும். போன் மாதிரி தடவிப் பழகியவர்கள் “இது கெட்டுப்போச்சு” என்பார்கள்.

முதல் தொடுதல்

இரவில் பேக்லைட்டை அணைப்பது சரி. இருட்டுத் திரையை எழுப்பத் தொட்டால் அடியில் இருக்கும் பட்டனும் சேர்ந்து அழுந்திவிடக்கூடாது. முதல் தொடுதல் எழுப்ப மட்டும்.

பழைய டேப்லெட்

திரைக்குப் பதிலாகப் பழைய டேப்லெட்டை மாட்டினால், எப்போதும் சார்ஜில் கிடந்து பேட்டரி உப்பும். ஸ்மார்ட் பிளக் வைத்து இடையிடையே சார்ஜை நிறுத்துங்கள், மூடிய பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

இரும்புப் பெட்டி

ஆன்டெனா ஜிஐ பெட்டிக்குள் போனால் வைஃபை போச்சு.

பிளேட்டை ஒட்டிவிடுவது

சுவரில் ஏற்றும் முன் வைஃபை வழியாக ஒருமுறை அப்டேட் செய்து பாருங்கள். அப்டேட்டுக்குப் பழைய புரோகிராம், புதிய புரோகிராம் இரண்டுக்கும் ஃப்ளாஷில் இடம் வேண்டும். படங்களும் ஃபான்ட்டும் சேரச் சேர 4 மெகாபைட் போதாமல் போகும், ஒருநாள் அப்டேட் ஏறாது. அன்றைக்கு யூஎஸ்பி போர்ட் சுவர்ப் பக்கம் இருக்கும். சிலிகோன் பசை வேண்டாம், ஸ்க்ரூ போடுங்கள்.