கேரேஜ் கதவைக் கூரையை ஒட்டித் திறக்கும்படி மாற்றியமைக்கும் முறை

கேரேஜின் கூரை 11 அடி உயரத்தில் இருந்தாலும், 7 அடிக் கதவு திறந்தவுடன் தலைக்குச் சற்று மேலேயே படுத்துக்கொண்டு அறையின் முன்பகுதியை அடைத்துவிடுகிறது. அதற்கு மேலே இருக்கும் ஏறக்குறைய நான்கடி இடம் யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது. காரைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் வைக்க விரும்புபவருக்குத் தேவைப்படுவது அந்த இடம்தான். பல பலகைகள் கீல்களால் இணைக்கப்பட்டு, இருபுறமும் ரோலர்களில் ஏறி வளைந்து செல்லும் செக்‌ஷனல் கதவாக இருந்தால், கதவை மாற்றாமலேயே அதன் பாதையை மேலே நகர்த்த முடியும். இதற்கு ஹை-லிஃப்ட் என்று பெயர். ஒரே பலகையாகச் சாய்ந்து திறக்கும் கதவுக்கும் சுருண்டு ஏறும் ஷட்டருக்கும் இந்த முறை பொருந்தாது. மேலும், இந்த வேலையால் வாசலின் உயரம் ஓர் அங்குலம்கூடக் கூடுவதில்லை. வாசலில் நுழைய முடியாத வண்டி, கதவை எவ்வளவு உயரத் தூக்கினாலும் நுழையாது.

முதலில் வாசலின் மேல்விளிம்பிலிருந்து கூரையின் மிகத் தாழ்வான இடம் வரை அளக்க வேண்டும். குறுக்கே போகும் உத்திரம், குழாய், விளக்கு ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த அளவிலிருந்து, ரோலர்கள் ஓடும் தடமான டிராக்கின் வளைவுக்கும், அதற்கு மேலே ஸ்பிரிங்கைத் தாங்கிச் சுழலும் தண்டான ஷாஃப்ட்டுக்கும் தேவையான இடத்தைக் கழித்தால், கதவை எவ்வளவு கூடுதலாக உயர்த்தலாம் என்பது தெரியும். 12 அங்குல வளைவுள்ள டிராக்குக்குச் சுமார் 15 அங்குலம் ஒதுக்குவது நல்லது. மேலே சொன்ன கேரேஜில் 48 அங்குல இடைவெளி இருக்கிறது. 15 போக 33 மிஞ்சும். கூரையில் உரசாமலிருக்க 30 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது விவேகம். அப்படி அமைத்தால், முழுவதும் திறந்த நிலையிலும் கதவின் அடிப்பகுதியில் ஏறக்குறைய 30 அங்குலம் வாசலுக்கு மேலுள்ள சுவரையொட்டிச் செங்குத்தாகவே நிற்கும். மீதிதான் வளைந்து கூரையடியில் படுக்கும்.

இந்தக் கடைசி விவரத்தைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். டிராக்கை நீட்டுவது கண்ணுக்குத் தெரியும் வேலை. ஆனால் கதவின் எடையைத் தாங்குவது டிராக் அல்ல, ஷாஃப்ட்டில் முறுக்கேற்றி வைத்திருக்கும் ஸ்பிரிங். வழக்கமான அமைப்பில் கதவு மேலேற ஏற ஒவ்வொரு பலகையாகக் கிடைமட்ட டிராக்கில் படுத்துவிடுவதால், தூக்க வேண்டிய எடை குறைந்துகொண்டே வருகிறது; ஸ்பிரிங்கின் முறுக்கும் அதற்கு இணையாகத் தளர்ந்து வருகிறது. 30 அங்குலம் உயர்த்திய அமைப்பிலோ, முதல் 30 அங்குலப் பயணத்தில் ஒரு பலகையும் படுப்பதில்லை. ஷாஃப்ட்டின் முனையில் கதவைத் தூக்கும் கேபிள் சுற்றிக்கொள்ளும் உருளைக்கு டிரம் என்று பெயர்; 4 அங்குல விட்டமுள்ள டிரம்மில் அது ஏறத்தாழ இரண்டரைச் சுற்று. 7 அடிக் கதவின் ஸ்பிரிங்கில் ஏற்றப்படும் முறுக்கே ஏறக்குறைய ஏழரைச் சுற்றுதான் என்பதால், எடை சிறிதும் குறையாத நிலையிலேயே தூக்கும் விசையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கதவின் எடை 80 கிலோ என்றால், பாதி வழியில் 25 கிலோவுக்கு மேல் கைதான் தாங்க வேண்டியிருக்கும். மேலே போய்ச் சேர்ந்த பிறகும் செங்குத்தாகத் தொங்கும் பகுதியின் எடை சுமார் 28 கிலோ. பழைய ஸ்பிரிங்கில் அப்போது ஏறக்குறைய ஒரு சுற்றுதான் மிஞ்சியிருக்கும். பிடியை விட்டால் கதவு விழும்.

ஆகவே டிரம், கேபிள், ஸ்பிரிங் மூன்றையும் மாற்றியே ஆக வேண்டும். இதில் சிக்கனம் பார்க்க இடமில்லை. ஹை-லிஃப்ட் டிரம்மின் ஒரு பகுதி கூம்பு வடிவத்திலும் மறுபகுதி சமமான உருளையாகவும் இருக்கும். கதவு செங்குத்தாக ஏறும் வரை கேபிள் கூம்பின் பெரிய விட்டத்திலிருந்து சிறிய விட்டத்தை நோக்கிச் சுற்றிக்கொண்டு வரும். விட்டம் குறையக் குறையத் தளர்ந்த ஸ்பிரிங்கே அதே எடையைத் தூக்கப் போதுமானதாகிறது. பலகைகள் வளையத் தொடங்கும் நேரத்தில் கேபிள் உருளைப் பகுதிக்கு வந்து சேர வேண்டும். மூடிய கதவில் கேபிள் டிரம்மின் எந்தக் காடியிலிருந்து (பள்ளத்திலிருந்து) இறங்குகிறது என்பதைப் பொறுத்தே இது அமையும் என்பதால், விற்பவர் கணக்கிட்டுத் தரும் கேபிள் நீளத்தைக் கண்மதிப்பாக வெட்டிக் குறைக்கக் கூடாது.

பொருள்களுக்கு ஆர்டர் கொடுக்கும்போது கதவின் உயரம், அகலம், உயர்த்தும் அளவு, வளைவின் ஆரம் ஆகியவற்றோடு கதவின் உண்மையான எடையையும் தர வேண்டும். அட்டவணையில் உள்ள எடையை நம்புவதைவிட, ஸ்பிரிங்கைத் தளர்த்தி, மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, இருவராகக் கதவைச் சற்றுத் தூக்கி அடிப்பக்க நடுவில் எடைபார்க்கும் கருவியை வைத்து அளப்பதே சரி. வண்ணம் பூசிய கதவும், பின்னால் வெப்பத்தடுப்பு ஒட்டிய கதவும் அட்டவணையைவிடக் கனமாகவே இருக்கும்.

ஸ்பிரிங்கைத் தளர்த்துவதுதான் இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான கட்டம். முன்பு செய்து பழகாதவர் இதையும் பின்னர் முறுக்கேற்றுவதையும் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிட்டு, மற்றவற்றைத் தாமே செய்துகொள்ளலாம் என்பது என் கருத்து. செய்பவர் கதவை மூடி, மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்து, ஒரு ரோலருக்கு மேலே டிராக்கில் இருபுறமும் கிளாம்ப் போட வேண்டும். ஸ்பிரிங்கின் முனையிலுள்ள முறுக்கும் கூம்பின் துளையில் சரியாகப் பொருந்தும் இரண்டு எஃகுத் தண்டுகளே கருவி. திருப்புளியை அந்தத் துளையில் நுழைக்கவே கூடாது. ஒரு தண்டு தாங்கியிருக்க மற்றொன்றை மாற்றி, கால் சுற்றுக் கால் சுற்றாக, ஸ்பிரிங்குக்கு நேரே முகத்தை வைக்காமல் பக்கவாட்டில் நின்று இறக்க வேண்டும். கேபிளில் இழுவிசை இருக்கும் வரை கதவின் அடிமூலையிலுள்ள பிராக்கெட்டைத் தொடக் கூடாது.

கதவு மூடியே இருக்கட்டும். ஷாஃப்ட்டையும் கிடைமட்ட டிராக்குகளையும் இறக்கிவிட்டு, கீழேயுள்ள செங்குத்து டிராக்கின் தலையில் நீட்டிப்புத் துண்டை இணைப்புத் தகடு வைத்துப் பொருத்த வேண்டும். இணைப்பில் நகத்தால் மேலும் கீழுமாகத் தேய்த்துப் பார்த்தால் நகம் எங்கும் தட்டக் கூடாது. அங்கே மயிரிழை மேடு இருந்தாலும் ஒவ்வொரு ரோலரும் கடக்கும்போது ‘டக்’கென்று ஒலி எழும்; அரத்தால் ராவிச் சரிசெய்வது எளிது. மேலே போகப் போக டிராக் சுவரைவிட்டுச் சிறிது சிறிதாக விலக வேண்டும். அந்தச் சாய்வு கீழே எவ்வளவோ அதே அளவில் தொடர்ந்தால்தான் பலகைகள் வாசலுக்கு மேலுள்ள சுவரில் உரசாமல் போகும். அந்தச் சுவரில் உறுதியான மரச்சட்டம் இல்லையென்றால், வெறும் பூச்சிலோ ஜிப்சம் பலகையிலோ பிராக்கெட்டைத் திருகாமல், முதலில் சட்டத்தைச் சுவரோடு ஆங்கர் போல்ட்டால் இறுக்க வேண்டும். ஷாஃப்ட்டைத் தாங்கும் நடுப் பிராக்கெட்டுக்கு இது இன்னும் முக்கியம். ஸ்பிரிங்கின் முழுத் திருகுவிசையும் அந்த இடத்தில்தான் இறங்குகிறது.

பழைய கிடைமட்ட டிராக்கையே வளைவோடு மேலே மாட்டலாம். உள்ளே படுக்கும் பகுதி குறைந்துவிட்டதால் பின்முனை மிகையாகத் தெரியும். ஆனால் ஓட்டம் பார்க்கும் முன் அதை வெட்ட வேண்டாம். இரு டிராக்குகளும் ஒரே மட்டத்தில் இருப்பதை ரசமட்டத்தால் பார்த்து, மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவுகளும் சமமாக வந்த பிறகு, கூரையிலிருந்து இறங்கும் துளையிட்ட ஆங்கிள்களைக் குறுக்குத் தாங்கலுடன் இறுக்கலாம்.

பிறகு ஷாஃப்ட், டிரம், கேபிள். இருபுறக் கேபிளையும் விரலால் சுண்டினால் ஒரே இறுக்கம் தெரிய வேண்டும்; ஒன்று தொய்ந்திருந்தால் கதவு ஒருபக்கமாகச் சாய்ந்தே ஏறும். புதிய ஸ்பிரிங்கின் மீது நீளவாக்கில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு, விற்பவர் எழுதிக்கொடுத்த எண்ணிக்கைப்படி முறுக்கேற்ற வேண்டும். 7 அடிக்கு ஏழரைச் சுற்று என்ற பழைய வாய்ப்பாடு இங்கே செல்லாது. கிளாம்ப்பை எடுத்த பின் கதவைக் கையால் மெதுவாகத் தூக்கி, முழங்கால் உயரம், இடுப்பு உயரம், முழுத் திறப்பு என மூன்று இடங்களில் நிறுத்திப் பார்க்க வேண்டும். மூன்றிலும் அது தானே நின்றால் சமன் சரி. கீழே நின்று மேலே நழுவினால், முறுக்கைக் கூட்டிக் குறைப்பதால் மட்டும் அது தீராது. கேபிளின் தொடக்கக் காடியும் ஸ்பிரிங்கின் அளவும் மறுபடி சரிபார்க்கப்பட வேண்டும்.

கூரை நடுவில் தொங்கும் பழைய மோட்டார் இனிப் பொதுவாக உதவாது. ஷாஃப்ட்டின் முனையில், பக்கச் சுவரில் பொருத்தும் மோட்டார்தான் ஏற்றது. அது கதவைத் தள்ளாமல் ஷாஃப்ட்டையே சுழற்றுவதால், கேபிள் தொய்ந்தால் உடனே நிறுத்தும் உணர்கருவியை விட்டுவிடாமல் மாட்ட வேண்டும். வாசலின் இருபுறமும் உள்ள ஒளி உணர்கருவிகள் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேற்படாமல் இருக்கட்டும். கடைசியாக, ஒன்றரை அங்குலத் தடிமனுள்ள மரக்கட்டையை வாசலின் நடுவே படுக்கையாக வைத்து மோட்டாரால் கதவை மூடிப் பார்க்க வேண்டும். கட்டையைத் தொட்டதும் கதவு திரும்பி மேலேறாவிட்டால், அது சரியாகும் வரை கதவைக் கையால் மட்டுமே இயக்க வேண்டும்.