மூடுபனி நாளில் சுக்கினி காய்க்க

பூசணி வகையைச் சேர்ந்த நீளக் காயான சுக்கினியின் பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்தால், காலை ஒன்பது மணிக்குள் ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டில் ஒட்டியிருக்கும் மஞ்சள் நிற மகரந்தத் தூளைப் பெண் பூவுக்குள் தடவிவிடுங்கள். பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் அது பெண். வெறும் காம்பில் நின்றால் ஆண். ஏற்காட்டில் மூடுபனியும் சாரலுமாக விடியும் நாட்களில் தேனீ எட்டிப் பார்ப்பதில்லை, பூவோ மதியத்துக்குள் சுருங்கிவிடும். மகரந்தம் சேராத பிஞ்சு வெம்பத்தானே செய்யும்?

காய் முக்கால் சாண் வந்ததும் கத்தியால் காம்போடு அறுத்துவிடுங்கள். முற்றவிட்டால் செடி புதுக்காய் பிடிப்பதைக் குறைத்துக்கொள்ளும், சுவையும் போய்விடும்.

வெயிலடித்துத் தேனீ மொய்க்கும் நாளில் இந்த வேலையே வேண்டாம். மழையில் ஊறிய பூவிலும் பலனில்லை. இளஞ்செடியில் முதலில் பெரும்பாலும் ஆண் பூ மட்டும்தான் வரும், அப்போது சும்மா இருங்கள்.