பெரிய வண்டிக்கும் மெதுவான ஆளுக்கும் ஏற்ற திட்டம்: ஆர்வி பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓய்வு பெற்றதும் ஆர்வி என்ற வீட்டு வண்டியை வாங்கி, நண்பர்களோடு அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பும் தம்பதிகள் பலர் முதல் தவறைச் சாப்பாட்டு மேசையிலேயே செய்துவிடுகிறார்கள். வரைபடத்தை விரித்து வைத்ததும் எல்லா இடமும் பக்கத்தில் தெரிகிறது. நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். மூன்று தம்பதிகள், மூன்று வண்டிகள், மூன்று வாரம். தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் மலை, யெல்லோஸ்டோன் பூங்கா, மொன்டானாவின் கிளேசியர் பூங்கா, அப்புறம் தெற்கே இறங்கி யூட்டா. ஒரு நாளைக்கு 500 மைல் ஓட்டினால் போதும் என்று கணக்குப் போட்டோம்.

காரில் அது முடியும். சமையலறையும் படுக்கையும் கழிப்பறையும் ஏற்றிய 35 அடி வண்டியில் 60 மைல் வேகத்துக்கு மேல் போக மனசு வராது. எரிபொருள் போட நிறுத்தினால் அரை மணி நேரம் போய்விடும். மூன்று வண்டிகள் என்றால் கேட்கவே வேண்டாம். 500 மைல் என்பது முழுப் பத்து மணி நேரம். கடைசியில், வண்டியோடு தங்கும் கேம்ப்கிரவுண்டில், தெரியாத இடத்தில், இருட்டில், மரங்களுக்கு நடுவே வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டியிருக்கும். அறுபதைத் தாண்டிய கண்களுக்கு அது நல்லதில்லை.

ஆர்விக்காரர்களிடையே 3-3-3 என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது, பிற்பகல் 3 மணிக்குள் போய்ச் சேர வேண்டும், ஓரிடத்தில் 3 இரவாவது தங்க வேண்டும். இரண்டாம் வாரத்தில்தான் நாங்கள் அதற்கு மாறினோம். யூட்டாவை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தோம். அதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அழகான சாலைகள்தான் அடுத்த சிக்கல். அமெரிக்காவின் மலைச்சாலைகளில் பல, சிறிய கார்களின் காலத்தில் போடப்பட்டவை. பிளாக் ஹில்ஸில் உள்ள நீடில்ஸ் சாலையில் பாறையைக் குடைந்த ஒரு சுரங்கத்தின் அகலம் ஏறக்குறைய 8 அடிதான். பெரிய ஆர்விகளின் உடலே எட்டரை அடி அகலம். கிளேசியரில் கோயிங் டு த சன் சாலையின் மலைப்பகுதியில் 21 அடி நீளத்துக்கோ 8 அடி அகலத்துக்கோ மேற்பட்ட வண்டிகளை விடுவதில்லை. அந்த அகலத்தில் பக்கக் கண்ணாடிகளும் சேர்த்தி. யூட்டாவில் ஜயன் பூங்காவின் 1.1 மைல் சுரங்கம் 1930இல் முடிந்தது. அங்கும் பெரிய வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. இந்த விதிகள் மாறக்கூடியவை என்பதால், கிளம்பும் முன் ஒவ்வொரு பூங்காவின் தளத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள். குழுவிலேயே பெரிய வண்டியின் அளவை வைத்துப் பாருங்கள்.

இதற்காக அந்த இடங்களை விட்டுவிட வேண்டியதில்லை. எங்களில் ஒருவர் ஆர்வியின் பின்னால் சிறிய காரைக் கட்டி இழுத்துவந்தார். நீடில்ஸ் சாலைக்கு அதில் இரண்டு நடையாகப் போனோம். கிளேசியரில் 1930களின் சிவப்பு பஸ்கள் இன்றும் ஓடுகின்றன. கூரைத் துணியைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். ஓட்டுநரும் நம்மைப்போல் மலையைப் பார்க்கக்கூடிய ஒரே வழி, வேறொருவர் ஓட்டுவதுதான்.

உங்கள் வண்டியின் உயரத்தைக் கையேட்டில் படித்ததோடு விட்டுவிடாதீர்கள். கூரைமேல் ஏசி, ஆன்டெனா எல்லாம் இருக்கும். டேப் வைத்து அளந்து, அடிக்கணக்கில் ஓர் அட்டையில் எழுதி, ஓட்டுபவர் கண்ணெதிரே ஒட்டுங்கள். கார்களுக்கான ஜிபிஎஸ் தாழ்வான பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. நியூயார்க்கின் பழைய பார்க்வே சாலைகளில் அப்படிப்பட்ட பாலங்கள் நிறைய.

புரோபேன் எரிவாயு விஷயத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். சமையலுக்கும் ஹீட்டருக்கும் நாம் வைத்திருக்கும் சிலிண்டரோடு மேரிலாந்தின் பால்டிமோர் துறைமுகச் சுரங்கங்களில் போக முடியாது. முன்பு அப்படிப்பட்ட வண்டிகள் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் வழியாகப் போயின. 2024 மார்ச் 26 அன்று கப்பல் மோதி அந்தப் பாலம் இடிந்து விழுந்தது. பழைய வழிகாட்டிகளை நம்பிப் போகாமல் 695ஆம் எண் வளையச் சாலையின் மேற்குப் பக்கமாகச் சுற்றிப் போங்கள்.

மலையிறக்கம் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கிழக்கிலிருந்து யெல்லோஸ்டோனுக்கு நேராகப் போனால் வயோமிங்கில் பிக்ஹார்ன் மலையைத் தாண்ட வேண்டும். 14ஏ சாலையில் 10 சதவீதச் சரிவு இருக்கிறது. தெற்கே உள்ள 16ஆம் எண் சாலை கனமான வண்டிக்கு எளிது. எந்தச் சாலையானாலும் உச்சியிலேயே தாழ்ந்த கியருக்கு மாறிவிடுங்கள். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகிய வாசனை வந்துவிட்டால் ஒதுங்கி நின்று ஆற விடுங்கள். பின்னால் வருபவர் ஹார்ன் அடித்தால் அடிக்கட்டும்.

இடம் பதிவு செய்வதில் கூட்டமாகப் போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தேசியப் பூங்காக்களின் பல கேம்ப்கிரவுண்டுகளுக்கு ஆறு மாதம் முன்பே பதிவு திறக்கிறது. மூன்று இடங்களையும் ஒருவரே போடப் பார்த்தால், முதல் இடத்துக்குப் பணம் கட்டுவதற்குள் மற்றவை போய்விடும். ஒவ்வொருவரும் தனித்தனியாக உட்கார்ந்து போடுங்கள். இடத்தின் நீளத்தையும் பாருங்கள். யெல்லோஸ்டோனுக்குள் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் மூன்று இணைப்பும் உள்ள ஒரே கேம்ப்கிரவுண்ட் ஃபிஷிங் பிரிட்ஜ். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஸ்டர்ஜிஸ் மோட்டார் சைக்கிள் விழா நடக்கும்போது பிளாக் ஹில்ஸ் பக்கம் தங்க இடம் கிடைப்பது கடினம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் வழக்கம் அரிசோனாவில் பொதுவாக இல்லை, ஆனால் அங்குள்ள நவாஹோ பழங்குடியினர் நிலத்தில் தள்ளுவார்கள். எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று பேசும்போது எந்த ஊர் மணி என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

62 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்குள் நுழைய 80 டாலரில் வாழ்நாள் சீனியர் பாஸ் உண்டு. வண்டிக்குக் கட்டணம் வாங்கும் பூங்காக்களில் அது ஒரு வண்டிக்குத்தான் செல்லும். நண்பரின் பாஸை நம்பி அவர் பின்னாலேயே நுழைய முடியாது.

கழிவுத் தொட்டியில் எல்லாப் புதியவர்களும் செய்யும் தவறு ஒன்று. கேம்ப்கிரவுண்டில் குழாயை மாட்டியதும் கழிப்பறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்துவிடுவார்கள். தண்ணீர் ஓடிவிடும், மற்றது உள்ளேயே காய்ந்து கல்லாகிவிடும். மூடி வைத்து, முக்கால் பாகமாவது நிரம்பிய பிறகு திறந்துவிடுங்கள். அதற்குப் பிறகு குளியல் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் குழாயும் கழுவப்பட்டுவிடும்.

நண்பர்களோடு போகும்போது எல்லாவற்றையும் சேர்ந்தே செய்ய வேண்டும் என்ற ஆசை வரும். வண்டிகளை வால் பிடித்தாற்போல் ஓட்டாதீர்கள். அடுத்து சந்திக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு அவரவர் வேகத்தில் போகட்டும். சிக்னல் இல்லாத இடங்களுக்கு வாக்கி டாக்கி போதும். வாரத்தில் ஒரு நாள் யாரும் யாரையும் கூப்பிடாத நாளாக இருக்கட்டும். பொதுச்செலவை அன்றைக்கன்றே எழுதித் தீர்த்துவிடுங்கள்.

உடம்பைப் பற்றியும் முன்பே யோசியுங்கள். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான அசல் மெடிகேர் எந்த மாநிலத்திலும் செல்லும். தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்கள் பலவற்றில் அவசரம் தவிர்த்த சிகிச்சைக்கு வெளியூர் மருத்துவர்கள் அடங்கமாட்டார்கள். அலாஸ்காவுக்கு ஓட்டிப் போகிறவர்கள் கனடாவைத் தாண்டுவதால் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். கொலராடோவின் டிரெயில் ரிட்ஜ் சாலை 12,183 அடி வரை ஏறுகிறது. இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

எங்கள் பயணத்தில் ஒரு நாள் விடியற்காலையில் நண்பர் ஒருவருக்குச் சிறுநீரகக் கல் வலி. துடித்துவிட்டார். ஆம்புலன்ஸ் அவரை அழைத்துப் போனது. அன்று காலை 11 மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். நண்பரின் மனைவி நாற்பது வருடம் கார் ஓட்டியவர், அந்த வண்டியின் ஸ்டீயரிங்கை மட்டும் தொட்டதே இல்லை. மின்கம்பியை எப்படிக் கழற்றுவது, வெளியே நீட்டியிருக்கும் அறைப் பகுதியான ஸ்லைடை எப்படி உள்ளே இழுப்பது, எதுவும் தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நாங்கள்தான் வண்டியை நகர்த்தினோம். நாங்கள் இருந்தோம், சரி. தனியாகப் போயிருந்தால்?

இப்போது எங்கள் மூன்று வண்டிகளிலும் காலையில் முதல் ஒரு மணி நேரம் பெண்கள்தான் ஓட்டுகிறார்கள். மாலையில் குழாயும் கம்பியும் மாட்டுவதும் அவர்கள்தான். கழற்றும் வரிசை தாளில் எழுதப்பட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது, அதன் கீழே இருவருடைய மாத்திரைப் பட்டியலும்.